பட்ட மேற்படிப்பில் வெட்கம் எதற்கு?

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பெற்ற பதினொரு கல்லூரிகளில் அது ஒன்று. ஆண்டுக்கு 150 பேர் அங்கே சேர்க்கப்படுகின்றனர். அரியலூர் என்றால் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டுத் தூசியும்தான் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, இங்கே டாக்டர்களும் உருவாவார்கள் என்று அறிவித்த நாள் அது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால் கட்டடம் எழுந்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? அங்கே பயின்று பட்டம் பெறுவோர் நாளை செந்துறையிலும் ஆண்டிமடத்திலும், பக்கத்து மாவட்டமாம் பெரம்பலூரின் குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் ஆரம்ப சுகாதார நிலைய நாற்காலியில் அமரப் போகிறவர்கள். அவர்கள் எதிரே வந்து உட்காரும் மக்கள் காய்ச்சலைச் சொல்வார்கள், இருமலைச் சொல்வார்கள். சொல்லக் கூசுகிற ஒன்றை மட்டும் சொல்லமாட்டார்கள். அந்த ஒன்றைச் சொல்ல வைக்கவும், கேட்கவும், கேட்டபின் தீர்க்கவும் டாக்டருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? இதுதான் நம் கேள்வி.

மணமாகி மூன்றாண்டு குழந்தை இல்லாத ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மாமியார் ஏசுகிறாள், ஊர் பேசுகிறது. அவள் கோயில் கோயிலாகச் சுற்றுகிறாள். குறை கணவனிடம் இருக்கலாமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவனோ யாரிடமும் வாய் திறவாமல் பஸ் ஏறுகிறான். எங்கே? இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் பரம்பரை வைத்தியர் தங்குவார் என்று சுவரொட்டி சொல்கிறதல்லவா, அங்கே! லேகியம் வாங்குகிறான், கடன் வாங்குகிறான், மறு மாதமும் போகிறான். அரசு ஊதியம் பெறும் மருத்துவர் ஐந்து மைல் தொலைவில் இருக்க, லாட்ஜில் இருப்பவரிடம் அவன் ஏன் போனான்? அங்கே அவன் கேள்விக்குப் பதில் என்று ஏதோ ஒன்று கிடைத்தது. இங்கே அவனால் கேள்வியையே கேட்க முடியவில்லை. போலியைப் பிடிக்கப் போலீசை அனுப்பினால் போதாது. போலி நின்ற இடத்தில் உண்மையான மருத்துவர் நிற்க வேண்டும்!

கூறு போட்ட உடல்

இன்றைய மருத்துவக் கல்வியில் இவையெல்லாம் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் கூறு கூறாக உண்டு. பிள்ளைப்பேறு மகப்பேற்றுத் துறைக்கு. பால்வினை நோய் தோல் துறைக்கு. மன வேதனை மனநலத் துறைக்கு. வன்கொடுமைக்கு ஆளானவளின் உடல் சட்ட மருத்துவத் துறைக்கு. நான்கு அறைகளில் நான்கு மேசைகள். நோயாளியோ ஒரே ஆள். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு மேசைக்கும் ஆளிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர். நான்கையும் ஒருங்கே அறிந்தவராக அவரை ஆக்கும் மேற்படிப்பு வேண்டாமா?

உள்ள பாடமாவது ஒழுங்காக இருந்ததா? 2021 ஜூன் 7 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருபால் ஈர்ப்புடைய இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில் ஆணை பிறப்பித்தார். இத்தகையோரை மருத்துவத்தால் மாற்றுகிறேன் என்று கிளம்புவதைத் தடை செய்ய வேண்டும் என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே மருத்துவப் பாடநூல்களில் மலிந்திருந்த இழிசொற்களும் வெளிச்சத்துக்கு வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் நூல்களைத் திருத்தச் சொன்னது. நடந்தது என்ன? 2024 ஆம் ஆண்டு அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், விரட்டப்பட்ட பழைய குப்பை வாசல் வழியாகவே திரும்பி வந்தது! நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களில் பின்வாங்கிக் கொண்டது ஆணையம்.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் செய்யப்பட்ட இருவிரல் சோதனையின் கதையும் இதுவே. அது அறிவியலுமல்ல, நியாயமுமல்ல என்று 2013 இலேயே உச்சநீதிமன்றம் உணர்த்தியது. 2022 அக்டோபர் 31 ஆம் நாள், அச்சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றும், மருத்துவக் கல்லூரிப் பாடத்திலிருந்தே அதை அகற்ற வழி காணவேண்டும் என்றும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. தீர்ப்புக்கும் டாக்டரின் கைக்கும் நடுவே ஒன்பதாண்டு! இந்த இடைவெளியை அடைப்பது கல்வியன்றி வேறேது?

ஒரு மாணவியின் ஆய்வு

மேற்படிப்பு என்ன சாதித்துவிடும் என்று கேட்போருக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1986 ஆம் ஆண்டு. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், ஒழுக்கம் நிறைந்த பாரத நாட்டை அண்டாது என்று பேசித் திரிந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவியாக இருந்த நிர்மலாவுக்கு, அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் உண்டா என்று ஆராய்ந்து பார் என்று தலைப்புக் கொடுத்தார். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களை ஆஸ்பத்திரியிலும் காப்பகத்திலும் சந்தித்து இரத்தம் சேகரித்தார் அம்மாணவி. அதைப் பாதுகாக்க வேறு வசதியின்றி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான்!

பண்பாட்டுப் பெருமை பேசியவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பட்ட மேற்படிப்பு மாணவி ஒருத்தி கண்டுபிடித்தாள். வெட்கப்படாமல் கேட்டதால் கண்டுபிடித்தாள். பின்னர் 1994 இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் கண்டு, மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. பேசத் துணிந்ததால் பிழைத்தோர் எத்தனை ஆயிரம்!

கணக்கு சொல்லும் கதை

தமிழ்நாடு தாய்மார் உயிரைக் காப்பதில் முன்னணியில் நிற்பது உண்மை. 2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி, ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றில் இந்தியா முழுமைக்கும் 97 தாய்மார் மாண்டனர், தமிழ்நாட்டில் 54. இது பெருமை. ஆனால் பெருமையிலேயே மயங்கி நிற்பவர்கள் நாமல்ல.

2019–21 இன் தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைப்பேற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வயிற்றைக் கீறி நடந்தவை. தனியார் மனைகளில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 60க்கும் மேல். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 57க்கு மேல். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதே எளிய அறுவை. பிள்ளை பெறுவதும் அவள், தடுப்பதும் அவள், பிள்ளை இல்லையென்றால் பழி சுமப்பதும் அவளே என்றால், இது மருத்துவக் கணக்கு மட்டுமா? சமுதாயக் கணக்கு அல்லவா?

அரியலூர்க் கணக்கு இன்னும் கசக்கும். 2011 மக்கள் தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாட்டில் 943. பெரம்பலூரில் 913. அரியலூரில் 897. ஆனால் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இவ்விரு மாவட்டங்களிலும் ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள்! வளர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். பிறக்க வேண்டிய பெண்கள் எங்கே போனார்கள்? கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் இருக்கிறது. சட்டம் இருந்தும் எண்ணிக்கை இப்படி!

இன்னொரு பக்கமும் உண்டு. கருக்கலைப்பை முறைப்படுத்திய 1971 ஆம் ஆண்டுச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை வழி செய்யப்பட்டது. மணமாகாதவளுக்கும் அவ்வுரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண் மகவைக் கருவிலேயே ஒழிக்க முனைவோரைத் தடுக்க வேண்டும். தன் உடலைக் காக்க வந்தவளை அவமதிக்காமல் உதவ வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் தெளிவு டாக்டருக்கு வேண்டும். மகப்பேற்றியல் மேற்படிப்போ, விதிகள் கூறும் பயிற்சி அனுபவமோ இல்லாத டாக்டர் இச்சிகிச்சையைச் செய்யவே கூடாது. சட்டம் தந்த உரிமை கிராமத்துப் பெண்ணைச் சேர வேண்டுமானால், பயிற்சி பெற்ற டாக்டர் கிராமத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

பண்பாடு என்னும் பூச்சாண்டி

இதையெல்லாம் படிக்க வைத்தால் பண்பாடு கெடும் என்று சிலர் கூவுவர். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோதும் இதே கூச்சல்தான். 1947 இல் சட்டம் வந்தது. பண்பாடு செத்துவிடவில்லை, பெண்கள்தான் பிழைத்தார்கள். 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதிய பெரியார், நாட்டின் வறுமைக்காக என்று மட்டும் நிறுத்தாமல், பெண்ணின் விடுதலைக்காக என்றார். அன்று ஏசினர். இன்று அரசே அதற்குத் துறை வைத்திருக்கிறது!

எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு இதெல்லாம் ஏலாது என்பது இன்னொரு கூற்று. மயக்க மருந்து நிபுணர் கிடைக்காத ஊர்களுக்காக, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரப் பயிற்சி கொடுத்து உயிர் காத்தது இதே நாடுதான். பாலியல் நலத்தில் மருத்துவ ஊழியர்க்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனி அறிக்கையே வெளியிட்டது 1975 இல். பிரிட்டனில் 2010 இல் இது தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்கப்பட்டது. உலகம் ஒத்துக்கொண்டதை உள்ளூர் ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது?

நாம் கேட்பது இதுதான்

பாலியல் நலத்திலும் இனப்பெருக்க நலத்திலும் மருத்துவப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுப் பட்ட மேற்படிப்பு ஒன்றை மாநில அரசு கோரிப் பெற வேண்டும். மகப்பேறு, குடும்ப மருத்துவம் முதலிய துறைகளில் இரண்டாண்டுப் பட்டயங்களைத் தேசியத் தேர்வு வாரியம் 2020 இல் தொடங்கியது. ஆகவே வழி இல்லாமல் இல்லை. அதை அரியலூர் மருத்துவக் கல்லூரியும் பெரம்பலூர் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்தட்டும். பெரம்பலூருக்கென அரசு மருத்துவக் கல்லூரி வராத குறைக்கும் அது ஓரளவு ஈடாகும். எம்.டி., எம்.எஸ். படிப்போர் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணியாற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது; அம்மூன்று மாதத்தில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கட்டும். பாடநூல் தமிழிலும் இருக்கட்டும். நோயாளி சொல்லும் சொல் டாக்டருக்குப் புரிய வேண்டுமல்லவா? ஆண் டாக்டர்களும் இதில் சேரட்டும். ஆண் நோயாளியின் கூச்சமும் தீர வேண்டும்.

இடங்களில் பாதியைக் கிராமத்தில் பணியாற்றும் அரசு டாக்டர்களுக்கு ஒதுக்க வேண்டும். அவ்வொதுக்கீட்டை வழங்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வே கூறியிருக்கிறது. பட்ட மேற்படிப்பில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 இல் தீர்ப்பு வந்தபின், இந்தக் கதவின் அருமை இரட்டிப்பாகிறது. இங்கே உழைப்பவன் இங்கே படிக்க எஞ்சியிருக்கும் வழியை விட்டுவிட்டால், நம் வரிப்பணத்தில் படித்தவர் நம் ஊரில் தங்குவார் என்பதற்கு உறுதி ஏது?

அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் டாக்டராக முடியாமல், 2017 செப்டம்பர் 1 இல் நம்மைப் பிரிந்தாள் அனிதா. அவள் பெயர் இன்று அக்கல்லூரி அரங்கத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் சூட்டியது நன்று. அந்த அரங்கில் பயின்ற ஒரு டாக்டர், குழுமூர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி தலை குனியாமல் தன் நோயைச் சொல்லக் கேட்டுத் தீர்ப்பாரானால், அதுதான் அப்பெயருக்குச் செய்யும் மரியாதை. அந்த நாளை விரைவில் கொண்டுவருவது அரசின் கடமை. கேட்டுக் கொண்டேயிருப்பது நம் கடமை!