பேயோடு ஒரு பேரம்

கொல்கத்தாவில் கிடர்பூர் என்றால் பலருக்கு நினைவு வருவது ஃபேன்சி மார்க்கெட்தான். சென்னையின் பர்மா பஜாரைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தை ஒட்டிய சந்துகள், அடுக்கடுக்காகக் கடைகள், கப்பல் வழியே வந்த 'ஃபாரின்' சரக்கு. கைக்கடிகாரம், செண்ட், டேப் ரெக்கார்டர் என்று ஆரம்பித்த மோகம் பிற்பாடு வீடியோ கேமில் வந்து நின்றது. தாராளமயத்துக்குப் பிறகு ஃபாரினின் மவுசு குறைந்துவிட்டது. விளையாட்டின் மவுசு மட்டும் குறையவில்லை. அது கடையிலிருந்து கைபேசிக்குக் குடிபோய்விட்டது.

இந்த விளையாட்டுகளில் ஒரு வகைக்கு மூலவர், 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, மாயாஜாலக் கதை ஒன்றை நடத்திச் செல்லும் ஆட்டம். நம் ஊர்க் கூத்தில் வேஷம் கட்டுவதும் தாயக்கட்டை உருட்டுவதும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், அறிவு என்று மதிப்பெண் உண்டு. கூடவே 'அலைன்மென்ட்' என்ற முத்திரையும் உண்டு. நல்லவனா, தீயவனா, இரண்டுக்கும் நடுவிலா. சட்டத்துக்கு அடங்கியவனா, அடங்காதவனா என்று கணக்கிட்டு மொத்தம் ஒன்பது வகை.

இங்கே ஒரு வழக்கு எழுகிறது. நல்லவன் என்று முத்திரை வாங்கிய வீரன், ஊரைக் காப்பாற்ற ஒரு பேயோடு உடன்படிக்கை போடுகிறான். அவனை இனி எந்தக் கட்டத்தில் எழுதுவது? 1978இல் வெளியான விதிப்புத்தகம் கறாரானது. 'பாலடின்' எனப்படும் தர்ம வீரன் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பட்டம் போயிற்று, மீண்டும் கிடைக்காது. தீயவர்களோடு கூட்டுச் சேரவும் அவனுக்குத் தடை. 2014இல் வந்த பதிப்பில் இந்தக் கறார் போய்விட்டது. முத்திரை இருக்கிறது, அதற்கான தண்டனை அநேகமாக இல்லை. இந்த நாற்பதாண்டுகளில் உலகமும் ஏறக்குறைய அதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது என்று தோன்றினால், அதை விளையாட்டின் தலையில் கட்ட வேண்டாம்.

இது சின்னப் பையன்களின் சண்டை என்று ஒதுக்குபவர்கள், கிடர்பூரின் பழைய கதை ஒன்றைக் கேட்க வேண்டும்.

1943 டிசம்பர் 5. பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் கிடர்பூர்த் துறைமுகத்தின் மேல் குண்டு வீசின. ராணுவத் தளவாடங்கள் வந்திறங்கும் இடம் என்பதால் அது போரின் கணக்கில் நியாயமான இலக்கு. செத்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்கும் கூலிகளும் துறைமுகத் தொழிலாளிகளும். வங்காளம் அந்த ஆண்டு பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தது. பட்டினிக்குத் தப்பி வேலை தேடி வந்தவன் குண்டுக்குப் பலியானான்.

குண்டு போட்ட அதே ஜப்பானோடு அன்று கைகோத்து நின்றவர், இந்தத் துறைமுகத்துக்கு வெகுதூரம் இல்லாத எல்ஜின் ரோடு வீட்டிலிருந்து 1941 ஜனவரியில் மாறுவேடத்தில் தப்பிய சுபாஷ் சந்திர போஸ்.

போஸுக்குத் தான் யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாது என்று சொல்ல முடியாது. இந்தியர்களை இழிவாகப் பேசிய ஹிட்லரை 1936லேயே பகிரங்கமாகக் கண்டித்தவர் அவர். அதே ஆண்டு ரோம் வழியே போன நேரு, முசோலினியைச் சந்திக்க மறுத்தார். தீயவனின் கையைத் தொடவே கூடாது என்பது நேருவின் கட்சி. நம்மை ஆளுகிறவனும் தர்மவான் அல்ல, அவனுடைய எதிரியிடம் உதவி கேட்பதில் தவறில்லை என்பது போஸின் கட்சி. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த வங்காளியிடம் போய் இதில் எது சரி என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

பிரிட்டிஷ் தரப்புக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்தபோது, அவன் நரகத்தின் மேல் படையெடுத்தால் சாத்தானைப் பற்றியும் நாடாளுமன்றத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்றார் சர்ச்சில். சொன்னபடியே ஸ்டாலினோடு சேர்ந்தார். யுத்தத்தை ஜெயித்தார்கள். ஆனால் எந்தப் போலந்துக்காக 1939இல் போர் தொடங்கியதோ, அந்தப் போலந்து கடைசியில் ஸ்டாலின் கைக்குப் போனது. பேரம் பேசியவர் லண்டனில் இருந்தார். விலை கொடுத்தது வார்சா.

இந்த இடத்தில்தான் விளையாட்டின் விதி போதாமல் போகிறது. கையெழுத்துப் போட்டவனின் ஆத்மா கறைபட்டதா என்று மட்டும் அது பார்க்கிறது. நிஜத்தில் பேரத்தின் வட்டி வேறு யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

ஜெர்மனியில் போஸ் திரட்டிய படையில் ஏறக்குறைய 3,000 பேர். பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் எடுத்த உறுதிமொழியில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஒன்று போஸ், மற்றொன்று ஹிட்லர். 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பல் ஏறி கிழக்கே போய்விட்டார். அவரை நம்பி உறுதிமொழி எடுத்தவர்கள் பின்தங்கினார்கள். ஹாலந்து, பிரான்ஸ் கடற்கரை என்று காவல் வேலை. 1944 ஆகஸ்டில் அந்தப் படை ஹிட்லரின் எஸ்.எஸ். அமைப்பின் கீழ் மாற்றப்பட்டது. இந்திய விடுதலைக்காகப் பெயர் கொடுத்த ஒரு கிராமத்துப் பையன், தன்னைக் கேட்காமலே அந்தப் பட்டியலில் சேர்ந்தான்.

கிழக்கிலும் அதே கதைதான். இங்கே அது தமிழர் கதையும்கூட. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மடிந்தார்கள். 1943 அக்டோபர் 17 அன்று அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். கேட்டுக் கண்ணீர் விட்ட கூட்டத்தில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலர் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்பதும் சிலருக்கு ஒரு காரணமாக இருந்தது. அதாவது அந்த உடன்படிக்கை சிலரைக் காப்பாற்றவும் செய்தது. கூலி என்றே அழைக்கப்பட்டவர்களுக்கு முதல் முறையாக நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது. இந்தப் பக்கத்தையும் கணக்கில் எழுதாவிட்டால் அது கணக்கே ஆகாது.

அந்த மாயாஜால விளையாட்டில் பேய்களிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வாக்கை மீறும். மற்றது எழுத்துக்கு எழுத்து வாக்கைக் காப்பாற்றும். அதுதான் அதிக ஆபத்தானது. 1943 நவம்பரில் அந்தமான் நிகோபார் தீவுகளை போஸின் அரசுக்குத் தருவதாக ஜப்பான் அறிவித்தது. டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அவர் மூவர்ணக் கொடி ஏற்றினார். கிடர்பூரில் குண்டு விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிர்வாகப் பொறுப்பேற்கப் போன ஐ.என்.ஏ. அதிகாரி, டாக்டரான ஏ.டி. லோகநாதனுக்குக் கிடைத்தது கல்வித் துறை மட்டும். போலீசை ஜப்பானியக் கடற்படை விட்டுக்கொடுக்கவே இல்லை. செல்லுலார் சிறையில் உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் இந்தியர்கள் வதைபட்டார்கள். டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரியில் சித்திரவதையில் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். காகிதப்படி அந்த மண் அன்று சுதந்திர இந்தியா.

நம் இதிகாசங்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. விபீஷணன் அண்ணனை விட்டு தர்மத்தின் பக்கம் வந்தான். கும்பகர்ணன் தவறென்று தெரிந்தும் அண்ணனோடு நின்றான். கர்ணனைக் கட்டிப்போட்டது செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் அவனைக் கெட்டவனாக மாறச் சொல்லவில்லை. அங்க தேசத்தைக் கொடுத்தான், அவ்வளவே. மிச்சத்தை நன்றி பார்த்துக்கொண்டது. சபையில் திரௌபதி அவமானப்பட்டபோது அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை நாம் அறிவோம்.

இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பியவரும் ஒரு கிடர்பூர்க்காரர்தான். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் இங்கே வளர்ந்தவர். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் காலம் தள்ளியவர். 1861இல் வெளிவந்த அவரது 'மேகநாத வத காவியம்' இலங்கையின் பக்கம் நின்று பேசுகிறது. அதில் மேகநாதன் நாயகன். பகைவனுக்கு வாசல் காட்டும் விபீஷணன் குலத்துரோகி. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் சரணாகதி, அந்தக் கரையிலிருந்து பார்த்தால் காட்டிக்கொடுத்தல்.

அப்படியானால் நல்லது கெட்டது எல்லாம் பார்ப்பவன் கண்ணில்தானா? அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கரை எதுவானாலும், குண்டில் செத்த துறைமுகக் கூலி செத்தவன்தான். அவனுடைய மரணத்தை எந்தக் காவியமும் திருப்பி எழுத முடியாது.

ஆகவே பேயோடு பேரமே கூடாது என்று உபதேசிப்பதற்குப் பதில் சில கேள்விகளைக் கையில் வைத்திருப்பது மேல். விலை கொடுக்கப்போவது நானா, என்னை நம்பியவர்களா? நாளை என் கூட்டாளி அக்கிரமம் செய்தால் வாய் திறக்கும் சுதந்திரம் எனக்கு இருக்குமா? அவனிடமிருந்து விலகும் வழி ஒப்பந்தத்தில் உண்டா? போஸின் நிலையில் இருந்த ஒருவருக்கு இவற்றில் எதற்கும் திருப்தியான விடை கிடைத்திருக்காது. அவரை நேசிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை. செங்கோட்டையில் 1945இல் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் நடந்த விசாரணை நாட்டையே உலுக்கியது. 1946 பிப்ரவரியில் கடற்படை கலகம் செய்தது. பேரத்தால் விளைந்த நன்மையும் நிஜம், அந்தமான் சிறையின் அலறலும் நிஜம். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

கிடர்பூர்த் துறைமுகத்துக்கு அண்டையில் இருக்கும் இன்னொரு துறைமுகத்துக்கு இன்று நேதாஜியின் பெயர். குண்டு விழுந்த இடமும் அவரை வணங்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கப்பல்கள் இரண்டுக்கும் வந்து போகின்றன.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எங்கள் வீரன் இன்னும் நல்லவன்தானா என்று சண்டை போடும் பிள்ளைகளைக் கண்டால் அதட்ட வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறும்போது, நேற்று பேய் என்று திட்டியவரை இன்று மேடையில் சால்வை போர்த்தி வரவேற்கும் நாட்டில், பெரியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டோம். அவர்களாவது கேட்கட்டும்.