கடைப் புத்தி கடையோடு நின்றுவிடலாமா?

புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும் நம்மவர்களைப் போல கணக்கில் கெட்டிக்காரர்களைக் காண்பது அரிது. மீற்றருக்கு ஒரு ரூபா குறைப்பதற்காக இரண்டாம் குறுக்குத் தெருவில் நான்கு கடை ஏறி இறங்குவார்கள். சரக்கு வந்தால் பொதியைப் பிரித்து எண்ணாமல் கையொப்பம் வைக்க மாட்டார்கள். ஐந்நூறு ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் லாச்சியில் போடுவார்கள்.

ஆனால் இதே மனிதர் மாலையில் கடையைப் பூட்டி, தெஹிவளையிலோ களுபோவிலையிலோ உள்ள தமது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேறு ஆளாகி விடுகிறார். கடைச் சாவியோடு சேர்த்துத் தமது புத்தியையும் லாச்சிக்குள் பூட்டிவிட்டு வந்தாரோ என்று நினைக்கத் தோன்றும். கடையில் நட்டப்பட்டு விழுந்தவர்களை விட, கடையில் உழைத்ததை வீட்டு வராந்தாவில் தொலைத்து விழுந்தவர்களே அதிகம் என்பது எனது அபிப்பிராயம். பணம் வெளியேறும் வாசல்கள் மூன்று: முதலீடு, சொப்பிங், கார்.

முதலாவது வாசல், இஷாத் தொழுகைக்குப் பிறகு திறக்கும். கையில் லெப்டொப்புடன் ஒரு தம்பி வருவார். தேநீர் குடிப்பார். "ஹாஜியார், பத்து இலட்சம் போட்டா மாசம் ஒரு இலட்சம். இது வட்டி இல்ல, ஹலால் இலாபம்" என்பார்.

மாதம் 10 வீதமென்றால் வருடத்துக்கு 120 வீதம். நூறு ரூபாச் சரக்கு விற்று ஐந்து ரூபா கையில் நின்றாலே நாம் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். அப்படியிருக்க, இந்தத் தம்பி என்ன சரக்கு விற்கிறார், யாருக்கு விற்கிறார், எங்கே களஞ்சியம் வைத்திருக்கிறார்? இதில் ஒரு கேள்வியைக்கூட நமது ஹாஜியார் கேட்பதில்லை. குருநாகலையிலிருந்து வரும் கடைக்காரருக்கு ஐம்பதாயிரம் ரூபாச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்க மூன்று பேரிடம் விசாரிப்பவர் இவர். பத்து இலட்சத்தை ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் தூக்கிக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால், "தெரிஞ்ச புள்ள, பள்ளியில முன் ஸப்புல நிக்கிறவர்" என்பார். முன் ஸப்பில் நிற்பது பெரிய நன்மைதான். ஆனால் அது ஐந்தொகை அறிக்கை ஆகாது.

தெரிந்தவர் என்ற ஒரு சொல்லில்தான் இந்த நாட்டில் எல்லாச் சரிவும் நடந்திருக்கிறது. நுகேகொடையில் ஆங்கிலம் படிப்பித்துப் பேர் எடுத்த சக்விதி ரணசிங்க, வைப்புப் பணம் சேர்த்துவிட்டு 2008இல் தலைமறைவானார், 2012இல்தான் பிடிபட்டார். அதே 2008 டிசம்பரில் கோல்டன் கீ சரிந்தது. அதில் போட்டவர்கள் படிக்காதவர்களல்லர்; பெரிய பெயரை நம்பியவர்கள். பிறகு எம்.டி.எப்.ஈ. என்ற கைத்தொலைபேசிச் செயலி வந்தது. மாமா மருமகனைச் சேர்த்தார், மருமகன் மச்சானைச் சேர்த்தார். 2023இல் மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமென்று அறிவித்தது. இத்தகைய திட்டங்களை நடத்துவது மட்டுமல்ல, அவற்றைப் பரப்புவதும் வங்கித்தொழில் சட்டத்தின்படி குற்றமாகும். "நான் ஒரு ஆளைத்தானே சேர்த்தேன்" என்பது பதிலாகாது.

'ஹலால்' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முழாரபா என்பது ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பது. இலாபத்தை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்றுதான் முன்கூட்டிப் பேசலாம். இலாபம் இத்தனை ரூபா என்று உறுதி சொல்ல முடியாது. நட்டம் வந்தால், உழைத்தவரின் கவனயீனமோ மோசடியோ இல்லாதவிடத்து, அது முதல் போட்டவரையே சாரும். ஆகவே "நட்டமே வராது, மாதாமாதம் இத்தனை ரூபா" என்று ஒருவர் சொன்னால், அவர் முழாரபாவைப் பற்றிப் பேசவில்லை. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும். நாமோ எழுதச் சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்.

தொலைந்த பத்து இலட்சத்தைத் திரும்ப உழைப்பதென்றால் என்ன? நூற்றுக்கு ஐந்து ரூபா நிற்கும் வியாபாரத்தில், இரண்டு கோடி ரூபாவுக்குச் சரக்கு விற்க வேண்டும். ஒரு கப் தேநீர் குடித்துவிட்டுப் போன தம்பிக்காக நாட்டாமிமார் எத்தனை மூட்டை சுமக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்து இலட்சம் பல வீடுகளில் உம்ராவுக்கு வைத்த சல்லி, அல்லது மகளின் கல்யாணத்துக்கு வைத்த சல்லி. அது போன பிறகு அந்தப் பிள்ளை காத்திருக்கும் வருடங்களுக்கு எந்த வீதத்தில் கணக்குப் பார்ப்பது?

இரண்டாவது வாசல் நுகேகொடைப் பக்கம் திறக்கிறது. கண்ணாடிக் கதவில் '50 வீதம் வரை கழிவு' என்று எழுதியிருக்கும். அதில் '50' பெரிய எழுத்து. 'வரை' எறும்பு அளவு. அந்த 'வரை' என்ன செய்யும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? நாமும்தானே பெருநாள் காலத்தில் எழுதுகிறோம். ஆனாலும் குடும்பத்தோடு உள்ளே நுழைந்தால் நாமும் வாடிக்கையாளராகி விடுகிறோம்.

எனது நண்பர் ஒருவர் திரைச்சீலைத் துணி மொத்த வியாபாரி. அவருடைய மனைவி ஒருநாள் குளிரூட்டிய கடையொன்றில் திரைச்சீலை வாங்கி வந்து, "பாருங்க, என்ன மலிவு" என்று விரித்துக் காட்டினார். நண்பர் துணியின் கரையைத் திருப்பிப் பார்த்தார். அவர் போன மாதம் கொடுத்து அனுப்பிய சரக்கு! அவர் விற்ற விலையைப் போல் மூன்று மடங்குக்கு அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. "என்ன செய்தீங்க?" என்று கேட்டேன். "நல்ல துணி என்று சொன்னேன். வேற என்ன சொல்ல?" என்றார். அந்தக் கடைக்காரர் இவருக்குத் தரவேண்டிய காசோலை இன்னும் வரவில்லை என்பது தனிக் கதை.

பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இருநூறு ரூபா மிச்சம் பிடிக்க முந்நூறு ரூபாவுக்குப் பெற்றோல் எரிப்பது ஆண்கள்தான். அந்தப் பெற்றோல்தான் மூன்றாவது வாசல்.

களுபோவிலை ஒழுங்கைகள் மாட்டு வண்டிக்கு வெட்டப்பட்டவை. அதற்குள் நாம் யானை அளவு ஜீப்பைக் கொண்டு வருகிறோம். இரண்டு வாகனங்கள் நேருக்கு நேர் வந்தால், பின்னுக்கு எடுப்பது குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விடயமாகிவிடும். பின்னால் ஒரு ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். பாங்கு சொல்லி, இகாமத்தும் சொல்லி முடிந்திருக்கும். பள்ளிக்குப் போகப் புறப்பட்ட இருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஸப்ரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு ஒருபுறமிருக்க, எங்கள் ஒழுங்கையில் ஒரு மூதாட்டியை ஏற்ற வந்த 1990 அம்புலன்ஸ், வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களால் உள்ளே வர முடியாமல் நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். தூக்கியவர்களில் கார் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

"கார் ஒரு முதலீடு" என்று இப்போது சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது உண்மை. ஆனால் விற்றவர் அந்தப் பணத்துக்கு அதே போன்ற காரைத்தான் வாங்க முடிந்தது. அல்லது 119 பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றபோது, அந்த முதலீடு வாசலில் கவர் போர்த்திக்கொண்டு தூங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் இறக்குமதி திறந்ததும் லீசிங் கடதாசியோடு வரிசையில் நின்றவர்களில் நம்மவர்கள் குறைவில்லை. சரக்கு எடுத்துச் செல்லும் வேன் உழைக்கும். அயல்வீட்டார் பார்ப்பதற்காக நிற்கும் கார் தின்னும். கடையின் கைமுதலை எடுத்து அதற்குத் தீனி போட்டால், ஒருநாள் கடையே நடந்து போகும்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை. சரக்குக்காரரிடம் கேட்கும் கேள்விகளை வராந்தாவிலும் கேளுங்கள். வைப்பு எடுப்பவரிடம் மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி, அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்பு எடுக்க முடியாது. அனுமதி மட்டும் போதுமென்றும் இருந்துவிடாதீர்கள். அனுமதி பெற்றிருந்த த பினான்ஸ் கம்பனியின் அனுமதி 2020 மே மாதம் இரத்துச் செய்யப்பட்டது. வைப்புக் காப்புறுதி 2021இல் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் உள்ளது உங்கள் தலைவிதி. ஆகவே முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையொப்பம் வைக்குமுன் வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரைச்சீலையில் ஏமாறுபவர் முதலீட்டில் அநேகமாக ஏமாற மாட்டார். "அப்படி இலாபம் வருமென்றால் அவர் ஏன் நம்மட வீட்டுக்கு வாரார்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

அல்லாஹ் நமது உழைப்பில் பரக்கத் செய்வானாக. வந்த பரக்கத்தை வாசல் வழியே அனுப்பாமலிருக்கும் புத்தியையும் தருவானாக.