மலையில் எழுதாத பெயர்கள்

நான் வானொலிக்கு வந்த புதிது. 2015 ஜூன் 5, வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறைக் காலம். காலை 7.15க்குச் சபாவில் ரானாவ் பக்கம் நிலம் நடுங்கியது. 6.0 அளவு. கினபாலு மலையில் 130க்கும் மேற்பட்ட மலையேறிகள் சிக்கிக்கொண்டார்கள் என்ற செய்தியை அன்று மணிக்கு ஒருமுறை வாசித்தது நான்தான். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. சில நாள்களில், இறந்தவர்கள் 18 பேர் என்று உறுதியானது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். ஜூன் 8-ஆம் தேதி சிங்கப்பூரில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

அந்த வெள்ளிக்கிழமை என் கையில் இருந்த தாளில் இன்னொரு வரியும் இருந்தது. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. உள்ளூர் மலை வழிகாட்டிகளே மலையேறிகளைக் கீழே அழைத்து வருகிறார்கள் என்ற வரி. இரண்டு நிமிட அறிக்கை. நேரம் போதவில்லை என்று நானே அதில் கோடு போட்டேன். இறந்தவர்களில் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது, அந்தக் கோடு மனத்தில் தைத்தது.

கடந்த ஆண்டு நண்பர்கள் நால்வருடன் கினபாலுவுக்குக் கிளம்பியபோது, உச்சியில் படம் எடுக்கும் ஆசையோடு இந்தக் குற்ற உணர்வும் பையில் இருந்தது.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல். மலையடிவாரக் கியாவ் கிராமத்து டூசுன் இனத்தவர். நாங்கள் 'பாக் சிக்' என்று கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டார். எப்போதும் எங்களில் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால்தான் வருவார். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான்தான்.

ஏற்றம் திம்போஹோன் வாசலில் 1,866 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து லபான் ராத்தாவுக்கு 6 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், முக்கால்வாசி படிக்கட்டு. கார்சன் அருவியைத் தாண்டியதும் பாதை நிமிர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒதுங்க ஒரு குடில் வரும். ஒரு குடிலின் பெயர் லோவி. அந்தப் பக்கத்துக் குடுவைத் தாவரம் ஒன்றின் பெயர் அது.

குடுவைத் தாவரம் என்றால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி என்றுதான் பள்ளியில் படித்தோம். கினபாலுவில் கதை வேறு. இந்த லோவியும், அதைவிடப் பெரிய ராஜாவும் மரமூஞ்சூறுகளோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. மூடியின் அடியில் சுரக்கும் இனிப்பை நக்க வரும் மரமூஞ்சூறு, குடுவையின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அதற்குள்ளேயே எச்சமிட்டுப் போகும். சத்தில்லாத மலை மண்ணில் செடிக்கு அதுதான் உரம். ராஜாவின் குடுவையில் இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் நிற்கும். உலகிலேயே கினபாலுவிலும் பக்கத்துத் தம்பூயுகோன் மலையிலும் மட்டும்தான் அது இயற்கையாக வளர்கிறது.

ஏறஏறக் காடு குள்ளமாகிறது. வாசலில் அண்ணாந்து பார்த்த மரங்கள் போய், பாசி போர்த்திய முறுக்கு மரங்கள் வருகின்றன. பிறகு தோள் உயரப் புதர்கள். பிறகு வெறும் பாறை. ஒரே நாளில் பல நாடுகளைக் கடந்தது போல இருந்தது. 5,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இந்த ஒரு மலையைச் சுற்றி இருக்கின்றன. 1964-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் 2000-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது அதனால்தான்.

நான் மூச்சு வாங்கி நின்ற ஒவ்வொரு முறையும் யாராவது என்னைத் தாண்டிப் போனார்கள். முதுகில் எரிவாயுத் தோம்பு கட்டிய ஓர் இளைஞர். முட்டை அட்டைகளை அடுக்கிய ஓர் அம்மா. லபான் ராத்தாவில் நாம் சாப்பிடும் சோறும் குழம்பும் இப்படி ஆள் முதுகில்தான் மேலே போகின்றன. அந்த அம்மா என்னைப் பார்த்து, "மெதுவா வா, மலை எங்கேயும் ஓடாது" என்று மலாயில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அவர் காலில் சாதாரண ரப்பர் காலணி. என் காலில் நான்கு மாதம் காசு சேர்த்து வாங்கிய மலையேற்றக் காலணி.

இரவு 2.30க்கு நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு மீண்டும் கிளம்பினோம். நிலநடுக்கத்தில் சேதமான பழைய பாதைக்குப் பதிலாகப் புதிய ரானாவ் பாதை. மெசிலாவ் பக்கமிருந்து ஏறும் இன்னொரு வழியும் நிலநடுக்கத்துக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். நேரம் தவறி வந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் பனியுகத்துப் பனிப்பாறைகள் இழைத்து வழவழப்பாக்கிய கருங்கல் சமவெளி. வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

விடியும் நேரத்தில் உச்சியைத் தொட்டோம். 4,095 மீட்டர். அங்கே ஒரு பலகை. அதில் லோ சிகரம் என்ற பெயர்.

யார் இந்த லோ? ஹியூ லோ, லாபுவானில் இருந்த ஆங்கிலேய அதிகாரி. 1851-இல் கினபாலுவில் ஏறிய முதல் பயணம் என்று பதிவானது அவருடையது. ஆனால் அவர் உச்சிச் சமவெளி வரைதான் போனார். அவர் பெயரைத் தாங்கும் சிகரத்தில் அவர் கால் பட்டதே இல்லை. அதில் ஏறியதாக முதலில் பதிவானவர் 1888-இல் வந்த ஜான் வைட்ஹெட் என்ற பறவை ஆய்வாளர். இருவருக்கும் வழி காட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இந்த ஹியூ லோ நமக்கும் அந்நியரல்ல. 1877-இல் அவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனார். ஈப்போவில் இன்று ஜாலான் சுல்தான் இஸ்கந்தர் என்று அழைக்கப்படும் சாலை முன்பு அவர் பெயரில்தான் இருந்தது. பிரேசில் விதைகளிலிருந்து முளைத்த ரப்பர் கன்றுகளை கோலகங்சாரில் நட்டு வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அந்த மரம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. பால் வெட்ட ஆள் தேவைப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் மக்கள் வந்தார்கள்.

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்து, காண்டா போட்டுப் பால் வாளியைத் தோளில் சுமந்தவர். அவர் சுமந்ததற்கு எங்கேயும் பலகை இல்லை. லோவின் பெயருக்குக் கீழே, நெற்றியில் விளக்கோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு நான் நின்றபோது நினைவுக்கு வந்தவர் அவர்தான். கண் கலங்கியது. குளிர்காற்றுதான் காரணம் என்று நண்பர்களிடம் சமாளித்தேன்.

இறங்கும்போது பாக் சிக் கொஞ்சம் பேசினார். அவர்கள் இந்த மலையை 'அக்கி நபாலு' என்பார்கள். இறந்த முன்னோர் தங்கும் இடம். 'அக்கி' என்றால் அவர்கள் மொழியில் தாத்தா என்றும் பொருள். அந்த முன்னோரைச் சமாதானப்படுத்த வெள்ளைக் கோழி, முட்டை, வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் வைத்துப் படைக்கும் சடங்கு இன்றும் உண்டு. நம் வீட்டுப் படையலைச் சொல்வது போலவே இருந்தது.

நிலநடுக்கத்தன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "மேலேதான்" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். கழுதைக் காது என்று பெயர்பெற்ற சிகரத்தின் ஒரு காது அன்று உடைந்து விழுந்தது. பாறைகள் உருண்டுகொண்டே இருந்தன. தெரிந்த பாதை காணாமல் போயிருந்தது. ஆளை ஆள் பிடித்துக்கொண்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு, இருட்டிய பிறகும் இறங்கியிருக்கிறார்கள். "எங்களுக்குத்தானே வழி தெரியும்" என்றார். அவ்வளவுதான். அவர் கூடவே வேலை செய்தவர்கள் திரும்பவில்லை. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. லபான் ராத்தாவில் படுக்கை குறைவு. பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். இறங்கும்போது முட்டிதான் கேள்வி கேட்கும். தலைசுற்றினால் வீரம் காட்டாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்குப் பூங்காத் தலைமையகத்துத் தாவரத் தோட்டமும் போரிங் வெந்நீர் ஊற்றும் போதும்; குண்டாசாங்கிலிருந்து காலையில் மலை முழுதாகத் தெரியும். மேலே போனால் சுமைதூக்குபவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள். அவர்கள் முதுகில் இருப்பது நம்முடைய சாப்பாடு.

திம்போஹோன் வாசலில் விடைபெறும்போது, பத்திரிகையில் எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று பாக் சிக்கிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். "என் ஒருத்தன் பெயர் எதற்கு? மலை வழிகாட்டிகள் என்று போடு. கியாவ் என்று போடு. போதும்."

போட்டுவிட்டேன், பாக் சிக். அன்று நான் கோடு போட்ட அந்த வரியையும் சேர்த்து.