வேடத்துக்கு வந்த வழக்கு

சென்ற தவணை எங்கள் மாணவர் ஒரு நாடகம் பழகினர். கல்முனைப் பக்கத்து ஆண் பாடசாலையில் ஆண் பிள்ளைகளே நடிப்பர். கதையிலோ ஒரு தாய் வருகிறாள். எட்டாந்தரச் சிறுவனொருவன் முக்காடிட்டு, கடலுக்குப் புறப்படும் மகனைத் தடுத்துப் பேசியபோது, ஒத்திகை பார்த்த எங்கள் கண்கள் நனைந்தன. பெரியவர் சிலர் வந்து, "ஆண்பிள்ளைக்கு இவ்வுடை ஆகாது" என்றனர். தாயை நீக்கி, அவள் எழுதிய கடிதத்தை மகன் வாசிப்பதாக மாற்றினேன். நாடகம் நடந்தேறியது, உயிர் போய்விட்டது.

பெண்ணைப் போல ஒப்பனை கொள்ளும் ஆணைக் கண்டிக்கும் நபிமொழியை இக்கரையில் அறியாதார் இலர். அப்பெரியவர்களை நான் எள்ளவில்லை. ஆயினும், மாணவியர் மீசை வரைந்து மன்னராவதை எவரும் தடுக்கக் கண்டிலேன்.

நிற்க. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், சிறுவர்க்குத் தீங்கான கேளிக்கைகளைப் பொதுவிடத்தில் தடுக்கச் சட்டம் செய்தது. ஆண் வேடமோ பெண் வேடமோ புனைவோரும் அதில் எண்ணப்பட்டனர். நாடகம் தங்கள் இலக்கன்று என்றனர் ஆதரித்தோர். ஜூனில் ஒரு நீதிபதி, சட்டத்தின் சொற்கள் தெளிவற்றவை, வரம்பின்றி விரிபவை என்று அதனைத் தள்ளினார். 2024 ஜூலையில் மேன்முறையீட்டு மன்றமோ, வழக்குத் தொடுத்தோர்க்கு அவ்வுரிமை இல்லையென்று அத்தீர்ப்பை நீக்கிற்று. தெளிவற்ற சட்டம் எவரையும் சிறையிலிட வேண்டியதில்லை. மண்டபத்துக்காரர் அஞ்சினாலே போதும், என்னைப்போல் ஓர் ஆசிரியர் கடிதம் எழுதிவிடுவார்.

நம்மருகே நடந்தது இன்னும் கொடிது. பிரித்தானிய இந்தியாவின் 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி, பதிவேட்டில் ஏற்றப்பட்ட ஹிஜ்ராக்கள் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலோ, பொதுவில் ஆடினாலோ ஈராண்டு வரை சிறை. அதே ஆட்சியில் 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையிலோ ஆடவர் பெண் வேடமிட்டுக் கைதட்டல் பெற்றனர். உடுத்தியது ஒரே சேலை. உடுத்தியவர் யார் என்பதே சிறையையும் கைதட்டலையும் பிரித்தது. இலங்கையிலும், ஆள்மாறாட்டம் பற்றிய தண்டனைக் கோவையின் 399ஆம் பிரிவு திருநங்கையர்மீது ஏவப்பட்டதுண்டு. மட்டக்களப்புக் கூத்துக்களரியில் பெண் வேடமேற்ற ஆடவர்மீது எவர் ஏவினார்?

எனவே கலைஞர் நாம் தப்பினோம் என்றிருத்தல் தகாது. இன்று அவர்களைக் குறிக்கும் சொல், நாளை களரியிலும் ஏறும்.

வரும் தவணையில் அப்பெரியவர்களையே ஒத்திகைக்கு அழைக்கவுள்ளேன். முக்காடில்லாமலே அவன் பேசட்டும். கேட்டபின் அவர்கள் சொல்லட்டும். அச்சிறுவன் அன்றே என்னைக் கேட்டான்: "வீட்டிலிருக்கிற உம்மா ஏன் சேர் கடிதம் எழுதுறா?"