கொடிக் கம்பியும் இரண்டு மரங்களும்

அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம், ஒரு தென்னை. இரண்டுக்கும் நடுவே துணி காயப்போடும் கொடி. 12 வருடத்துக்கு முன்னால் அப்பா கட்டியது. ஈரத்துணி கனத்தில் தொய்ந்துவிடக் கூடாதே என்று இரு முனையையும் மரத்தைச் சுற்றி இழுத்து, கட்டிங் பிளேயரால் முறுக்கி இறுக்கியிருந்தார். அப்பா போய் 4 வருடம் ஆகிறது. கம்பி துருப்பிடித்த பிறகும் அதை மாற்ற அம்மா சம்மதிக்கவில்லை.

கட்டிய புதிதில் என் அண்ணன் மகனுக்கு 5 வயது. எம்பி எம்பிக் குதித்தாலும் கொடி கைக்கு எட்டாது. இப்போது கொல்லைக்குப் போனால் தலையைக் குனிந்துதான் நடக்கிறான். இரண்டு மரமும்தானே இத்தனை வருடம் வளர்ந்தன, கொடியும் கூடவே மேலே போயிருக்க வேண்டாமா? ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. நமக்குக் கால், கை, முதுகு என்று உடம்பு முழுக்க நீள்கிறது. மரம் நுனியில் மட்டும்தான் நீளும். பள்ளிக்கூட மரத்தில் பெயர் செதுக்கிவிட்டு வந்தவர்கள் போய்ப் பாருங்கள். மரம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் பெயர் அதே உயரத்தில் இருக்கும்.

போன ஐப்பசியில் தேங்காய் பறிக்க வந்தவர்தான் வேம்பைக் காட்டினார். கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. பட்டைக்குள் புதைந்துவிட்டது. அதற்கு மேலே டயர் மாட்டியதுபோல ஒரு வீக்கம்; கீழே ஒடுங்கிக் கிடந்தது.

“அக்கா, இது கழுத்து நெரிஞ்சு நிக்குது. ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “தென்னையிலயும் அதே கம்பிதானே? அதுக்கு ஒண்ணும் ஆகலையே!”

நியாயமான கேள்வி. பதில் இரண்டு மரங்களின் உடம்புக்குள் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முழங்கைக்கு மேலே ஒரு ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். உடனே அதற்குக் கீழே, கைப்பக்கம், நரம்பு புடைக்கும். இதயத்துக்குத் திரும்பிப் போகிற ரத்தம் அங்கே தடைபட்டு நிற்கிறது என்று அர்த்தம். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628-ல் ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று புத்தகம் எழுதியபோது, இப்படிக் கையைக் கட்டிக் காட்டித்தான் உலகத்தை நம்பவைத்தார். ஆனால், ரத்தம் போகிற குழாயிலிருந்து திரும்புகிற குழாய்க்கு எப்படி மாறுகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1661-ல் இத்தாலியர் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நடுவில் இருக்கும் மெல்லிய தந்துகிகளைக் கண்டுபிடித்தார்.

அதே மால்பிகி பிறகு மரங்களின் பக்கம் வந்தார். கிளையைச் சுற்றிப் பட்டையை மட்டும் ஒரு வளையமாக உரித்துவிட்டுக் காத்திருந்தார். வெட்டுக்கு மேலே வீங்கியது, கீழே வீங்கவில்லை. எங்கள் வேம்பில் நடந்ததும் அதேதான்.

காரணம் இது. வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது கட்டையின் உள்பக்கம் இருக்கும் சைலம் குழாய்களில். நமக்கு இருப்பதுபோல அங்கே இதயம் கிடையாது. இலையில் ஆவியாகும் நீர்தான் கீழே உள்ள நீரை இழுக்கிறது. இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்குவது பட்டையை ஒட்டிய ஃபுளோயம் வழியாக. இரண்டுக்கும் நடுவில் காகிதத்தைவிட மெல்லிய கேம்பியம் என்ற உயிருள்ள படலம். உள்பக்கம் கட்டை, வெளிப்பக்கம் பட்டை என்று புதிது புதிதாகச் செய்து மரத்தைப் பருக்க வைப்பது அதுதான். நடுவில் பொந்து விழுந்த மரத்தைப் பார்த்து நாம் பதறுகிறோம். நடுக்கட்டை ஏற்கெனவே செத்த பகுதி. அது போனாலும் மரம் பல காலம் உயிரோடு நிற்கும். பதற வேண்டியது ஓரத்தில் ஏதாவது நடக்கும்போது.

வேம்பு பருக்கப் பருக்க, கம்பி அசையவில்லை. முதலில் நசுங்கியது சர்க்கரை இறங்கும் பாதை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் இலை பச்சையாகவே இருந்தது. வேர் மட்டும் சேமித்து வைத்த மாவைத் தின்றுகொண்டு பட்டினி கிடந்தது. வேர் சாகும்வரை மேலே சேதி தெரியாது.

இன்னொன்றும் உறைத்தது. போன சித்திரையில் அந்த வேம்பு என்றும் இல்லாமல் பூத்துக் கொட்டியது. அம்மா முறம் முறமாகக் காயவைத்து எங்களுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். கீழே இறங்க வழியில்லாத சர்க்கரை மேலேயே தேங்கினால் பூவும் காயும் கூடுவது உண்டு. பழம் பெருக்கட்டும் என்று திராட்சைத் தோட்டங்களில் வேண்டுமென்றே பட்டையில் மெல்லிய வளையம் உரிப்பார்கள். ஆனால், அவர்கள் சில வாரங்களில் ஆறிவிடுகிற காயமாகப் பார்த்துச் செய்வார்கள். நாங்கள் செய்தது அப்படி இல்லை. அந்தப் பூவில்தான் பச்சடியும் ரசமும் வைத்துச் சாப்பிட்டோம்.

சரி, தென்னை? அதற்குக் கேம்பியம் கிடையாது. அடிமரம் எவ்வளவு பருக்க வேண்டுமோ, அதை மேலே உயருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளும். பிறகு இடுப்பு பெருக்காது, கம்பியும் இறுக்காது. அதன் குழாய்களும் ஓரத்தில் வளையமாக இல்லாமல், ஆயிரக்கணக்கான நார்களாக மரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஏறுவதற்குப் படி வெட்டினாலும் தென்னை சாகாமல் நிற்பது அதனால்தான். ஆனால், அந்த வெட்டு ஒருநாளும் மூடாது. தோல் செய்கிற படலம் இருந்தால்தானே மூட! 50 வயது தென்னையின் அடியில் இருக்கும் குழாய்கள் அது கன்றாக இருந்த காலத்தவை. இன்றும் வேலை செய்கின்றன.

தென்னையின் கழுத்து வேறு இடத்தில் இருக்கிறது. உச்சியில், ஒரே ஒரு குருத்து. வேம்பின் கிளையை வெட்டினால் நாலு இடத்தில் துளிர்க்கும். தென்னைக்குக் குருத்து செத்தால் மரமே முடிந்தது. காண்டாமிருக வண்டு நேராகக் குருத்துக்குப் போவதால்தான் அதற்கு அவ்வளவு பயம். மட்டைகள் கத்தரியால் வெட்டியதுபோல விரிந்தால் மேலே ஆளை ஏற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவரே இருந்தா அறுத்திருப்பாரு” என்று கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள். வெளியே தெரிந்த கம்பியை மட்டும் அறுத்தோம். உள்ளே புதைந்ததை உளி வைத்துத் தோண்டவில்லை. பிழைத்திருக்கும் பட்டையும் அதில் போய்விடும். கொல்லையில் இரண்டு இரும்புக் குழாய் நட்டுப் புதுக்கொடி கட்டியாயிற்று. உங்கள் தெரு மரத்திலும் கேபிள், சீரியல் லைட் கம்பி, கன்றுக்கு முட்டுக்கொடுத்துக் கட்டிய நைலான் கயிறு இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். இரும்புக் கூண்டு இறுக்கும் மரங்களையும்.

வேம்பின் தெற்குப் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மேல்வீக்கம் கம்பியைத் தாண்டி இறங்கிக் கீழ்ப்பட்டையைத் தொட்டிருக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்டால் சர்க்கரைக்கு ஒரு பாதை கிடைக்கும். ஒட்டியதா என்பது வெளியிலிருந்து தெரியாது. வருகிற சித்திரையில் இலை அடர்ந்து, பூ பழையபடி கொஞ்சமாக இருந்தால் நல்ல சேதி. பச்சடிக்குப் பக்கத்து வீட்டில் பூ வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.