விளையாட்டரங்கம்: நெடியோரை வென்ற நெருக்கடி

கூடைப்பந்தாட்டம் காணச் செல்வோரின் கண்கள் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. பந்தைக் கூடைக்குள் இட்டவனுக்கே கைதட்டல்; இடவொட்டாமல் தடுத்தவனை எவர் நினைக்கின்றனர்? கல்லூரி அணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் நாளிலும் இதே கதைதான். வளையம் 10 அடி உயரத்தில் இருப்பதால், நெடிய பிள்ளைகளை முதலில் நிறுத்திக்கொண்டு, ஏனையோரை “உயரம் போதாது” என்று அனுப்பிவிடுகின்றனர். அவ்வாறு மனம் சோர்ந்து வீடு திரும்பும் பிள்ளைகளும், அவர்தம் பெற்றோரும் அறிந்து மகிழத்தக்க வரலாறு ஒன்றை இத்திங்கள் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1948-ஆம் ஆண்டு பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றவர் ஜான் வுடன். பதினைந்து ஆண்டுகள் உழைத்தும் தேசிய வாகை அவருக்குக் கிட்டவில்லை. 1963-64 பருவத்தில் அவரிடம் இருந்த முதல் ஐவருள் ஒருவரேனும் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் அல்லர். நமக்கு அது பேருயரமாகத் தோன்றலாம். அந்நாட்டுக் கல்லூரி அரங்கிலோ அது பெருங்குறை. இக்குறையை வைத்துக்கொண்டு வெல்வது எங்ஙனம்? துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் ஒரு வழியை வற்புறுத்தினார். ஆட்டக்காரர்கள் ‘ஜோன் பிரஸ்’ என வழங்கும் முழுக்கள நெருக்கடியே அது.

புள்ளி பெற்றவுடன் தன் கூடைக்கு அருகே திரும்பி ஓடி, எதிரியை அங்கே காத்து நிற்பதே வழக்கமான காப்பு முறை. நெடியோர் அணிக்கு இதனினும் வசதி வேறில்லை. ஆற அமர நடந்து வந்து, கூடையின் கீழ் இடம் பிடித்துக்கொள்வர். இத்தனை வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியும் அந்நாளில் கல்லூரி ஆட்டத்தில் இல்லை. ஆயினும் பந்தை 10 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடத்தியாக வேண்டும் என்ற விதி இருந்தது. வுடனின் அணி பற்றிக்கொண்டது இந்தப் பத்து வினாடியைத்தான்.

வியூகம் இரண்டு, இரண்டு, ஒன்று என அமைந்தது. முன்வரிசையில் பிரெட் ஸ்லாட்டரும் கெயில் குட்ரிச்சும். இடைவரிசையில் வால்ட் ஹஸார்டும் ஜாக் ஹெர்ஷும். கடைக்காவலாகக் கீத் எரிக்ஸன். எதிரி உள்ளே எறியும் முதற்பந்தை இவர்கள் பெரிதாகத் தடுக்கவில்லை. அது மூலையை அடைந்ததும் இருவர் பாய்ந்து சூழ்வர். ஓரக்கோடே மூன்றாம் காவலனாகிவிடும். உயர்த்திய நான்கு கைகளுக்கு மேலே எறிய வேண்டுமாயின் பந்தை வளைத்துத்தான் எறிய வேண்டும். வளைந்து செல்லும் பந்து காற்றில் நெடுநேரம் நிற்கும். அதற்குள் இடைவரிசையினர் அதன் வழியில் வந்து நிற்பர்.

ஆனால் பந்தைப் பறிப்பது மட்டுமே இதன் நோக்கம் என்று எண்ணலாகாது. எதிரியின் நிதானத்தைப் பறிப்பதே முதல் நோக்கம். தப்பி நடுக்கோட்டைக் கடந்தவனும் பதற்றத்தோடு கடக்கிறான். நெடியவன் கூடையடிக்கு வந்து சேருமுன் அவசரமாக எறிந்துவிடுகிறான். ஆட்டம் ஓட்டமாக மாறியபின் உயரத்தைவிட மூச்சுக்கே மதிப்பு அதிகம்.

இம்முறையில் ஆபத்தும் உண்டு. இரு வரிசைகளையும் பிளந்து பந்து சென்றுவிட்டால், எரிக்ஸன் தனியொருவராக இருவரையோ மூவரையோ எதிர்கொள்ள நேரும். அப்போது அவர் பந்தின்மேல் பாயாமல், பின்வாங்கி, தோழர்கள் ஓடிவரும்வரை எதிரியைத் தாமதிக்கச் செய்ய வேண்டும். ஐவரில் ஒருவர் சோம்பினாலும் கோட்டை இடிந்துவிடும்.

1964 மார்ச்சு 21 அன்று கான்சஸ் நகரில் இறுதியாட்டம். எதிரணியாகிய ட்யூக் பல்கலைக்கழகத்தில் 6 அடி 10 அங்குல உயரமுள்ளவர் இருவர் இருந்தனர். 30-27 என ட்யூக் முந்தியிருந்த வேளையில் நெருக்கடி தன் வேலையைக் காட்டிற்று. ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் வுடனின் அணி தொடர்ந்து 16 புள்ளிகள் குவித்தது. எதிரணிக்கு ஒன்றும் இல்லை! மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கென்னி வாஷிங்டன் மட்டும் 26 புள்ளிகள் பெற்றார். முடிவு 98-83. அப்பருவத்தின் 30 ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை. 1975 வரை வுடன் பத்து வாகைகள் சூடினார். பின்னாளில் மிக நெடியோர் அவரிடம் வந்து சேர்ந்தது உண்மையே; எனினும் முதல் வாகையை ஈட்டித் தந்தவர் இக்குறியோர் அன்றோ?

நம் நாட்டு மாணவர்க்கு இதில் நற்செய்தி ஒன்றுண்டு. இங்கே பின்பற்றப்படும் பன்னாட்டு விதிப்படி நடுக்கோட்டைக் கடக்க 8 வினாடிகளே தரப்படுகின்றன. நெருக்குவோர்க்கு அது இன்னும் அனுகூலம். ஆனால் கையை வீசிப் பந்தைத் தட்டிப் பறிக்க முயலும் பழக்கம் கூடாது. ஐந்து தவறுகள் சேர்ந்தால் களத்தைவிட்டு வெளியேற வேண்டியதுதான். கால்களால் வழியை மறிக்க வேண்டும்; கைகள் உயர்ந்தே நிற்க வேண்டும்.

உயரம் பிறப்பில் வருவது. ஓட்டமும், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பும் ஒற்றுமையும் பயிற்சியால் வருவன. ஆதலின் உயரம் குறைந்த பிள்ளையை அனுப்பிவிடுமுன், அவனை ஒரு மாதம் காப்பு வரிசையில் நிறுத்திப் பார்க்குமாறு பயிற்சியாளர்களையும், அதுவரை மனம் தளராதிருக்குமாறு பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கின்றோம்.