சோர்ந்த நட்சத்திர ஆமை

கேள்வி: உறவினர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், சோறு போட்டு வளர்த்த நட்சத்திர ஆமை சோர்ந்து கிடக்கிறது. ஓடும் மெத்தென்று ஆகிவிட்டது. பிழைக்குமா?
- வாசகி, சிவகங்கை மாவட்டம்.

பதில்: பிழைக்க வாய்ப்புண்டு, நாள் கடத்தக் கூடாது. இது நிலத்து ஆமை, நீந்தத் தெரியாது. முதலில் தொட்டியிலிருந்து எடுங்கள். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் கோழிக்குஞ்சுக்குக் கால் வளையுமே, அதே கோளாறுதான். அகலத் தட்டில் வெதுவெதுப்பான நீரைத் தாடைக்குக் கீழ் வரை ஊற்றி, கால் மணி நேரம் நிற்க வையுங்கள், தானே குடிக்கும். இளவெயில், ஒதுங்க நிழல், அருகம்புல் போதும்.

இதை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயந்துபோய்க் காட்டில் விட்டால் நாய், நரிக்குத்தான் இரை. அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, எத்தனை வருடம், என்ன தீனி என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். ஓடு இறுக மாதக்கணக்காகும்.